ஸ்பானிய நாவலில் ஒரு தட்டு சாப்பாடு

எங்கள் ஆலையின் தலைமை அலுவலகம் ஸ்பானிய மொழி பேசும் நாட்டில் இருக்கிறது. அதனால் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எங்கள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் இணையவழி வகுப்பு. இரண்டாம் வருடத்தில் ஆசிரியை பாடப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நாவலை வாசிக்கச் சொன்னார். உப்பளங்களுக்கு நடுவே ஓர் ஊர். அங்கே தேவாலயம் ஒவ்வோர் இரவும் ஆற்றை நோக்கிக் கொஞ்சம் நகரும். கோழிகள் கண்ணாடி முட்டை இடும். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மொழி பாதிதான் தெரியும் என்றால் இந்த மாதிரி நாவலில் ஒரு சிக்கல் உண்டு. நடக்க முடியாத ஒன்றைப் படித்ததும் எனக்கு முதலில் என் மேல்தான் சந்தேகம் வரும். தேவாலயம் நகர்ந்தது என்று எழுதியிருந்தால், நகர்ந்தது என்பதற்கு வேறு பொருள் இருக்குமோ என்று போனில் தேடுவேன். கடைசியில் ஆலையில் பாகங்களைப் பிரிப்பது போல வாக்கியங்களையும் கலர் பென்சிலால் பிரித்தேன்.

பச்சை: புரிந்தது, நடக்கக்கூடியது.
சிவப்பு: சொல்லே தெரியவில்லை.
மஞ்சள்: எல்லாச் சொல்லும் தெரியும், ஆனாலும் நம்ப முடியவில்லை.

ஆலையில் மஞ்சள் தொட்டி, பாகம் நல்லதா கழிவா என்று முடிவெடுக்கும் வரை நிறுத்தி வைப்பதற்கு. நாவலில் மஞ்சள்தான் அதிகம்.

பாதி நாவலில் இருந்தபோது அம்மாவுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. நான் பிளஸ் டூ படிக்கும்போது வீட்டை விட்டுப் போனவர். தூரமாக எங்கும் இல்லை. கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம், ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். நாங்கள் ஏறவில்லை, அவரும் ஏறவில்லை. அம்மா ரோஜாப் பண்ணையில் பூ கட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறாள். அன்று பூ வைக்கும் குளிர் அறையில் வேலை முடிந்து வந்தவள் சூடான டம்ளரைச் சுற்றி விரல்களை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"உங்கப்பா இந்த வாரம் விட்டு அடுத்த ஞாயித்துக்கெழம வரவான்னு கேக்கறாரு. இனிமே இங்கயே இருந்துக்கறாராம். வாடக கட்டறவ நீ. நீயே சொல்லு."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவினேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. கைத்துணி ஈரமாக இருந்தது. வேறு எடுத்து மாட்டினேன்.

நாவலிலும் ஒரு கணவன் முதல் பக்கத்திலேயே ஊரை விட்டுப் போயிருந்தான். வருவான் என்று தெரியும். அந்த வாரத்துப் பக்கங்களில் வந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறான். மனைவி நிமிர்ந்து பார்க்கிறாள். ஒரு தட்டில் சூடான பீன்ஸ் குழம்பும் ரொட்டியும் எடுத்து அவன் முன்னால் வைக்கிறாள். அத்தியாயம் முடிகிறது. எல்லாம் முதல் மாதம் படித்த சொற்கள். தட்டு, சூடு, வைத்தாள். இருந்தும் ஒவ்வொன்றையும் மறுபடி தேடினேன். பொருள் மாறவில்லை. மஞ்சள் போட்டேன்.

வகுப்பில் ஆசிரியை, நாவலில் மிகவும் நம்ப முடியாதது எது என்று கேட்டார். மற்றவர்கள் தேவாலயத்தையும் முட்டைகளையும் சொன்னார்கள். நான் அந்தத் தட்டைச் சொன்னேன். அது மாயம் இல்லை, அவள் மன்னித்துவிட்டாள் என்றார் ஆசிரியை. அவள் ஏதாவது கேட்டிருக்க வேண்டும் என்றேன். என்ன கேட்பது என்றார். எங்கே இருந்தாய், ஏன் இப்போது வந்தாய் என்றேன். அதற்கு மேல் என்னிடம் ஸ்பானியச் சொற்கள் இல்லை. யாரோ திரையில் கைதட்டும் பொம்மையை அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறியதும் அசெம்ப்ளி லைன் அக்கா மீதிக் கதையைக் கேட்டார். வீட்டில் தெலுங்கு, டிரைவரிடம் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுவார். எங்களுக்கு அடுத்த சந்து. அப்பா போனது அவருக்குத் தெரியும், திரும்பி வரக் கேட்பது தெரியாது. தினமும் நான் படித்ததைச் சீரியல் போலக் கேட்டு வருபவர். தேவாலயம் நகர்ந்ததற்கு அவர் அசரவே இல்லை. நகரட்டும், நம்ம பஸ்தான் இந்த சிக்னலில் நகர மாட்டேன் என்கிறது என்று சொல்லியிருந்தார். தட்டு வைத்ததைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"சோத்தப் போட்டுட்டாளா? அப்ப முடிஞ்சுது."

என்ன முடிந்தது என்றேன்.

"சாப்புடற ஆளுகிட்ட என்னத்தக் கேக்கறது? கேட்டா நம்மளத்தான் நீயெல்லாம் பொம்பளையாம்பாங்க. அவன் தின்னுட்டு எந்திரிச்சுக் கை கழுவிட்டான்னா அந்த வீட்டு ஆளு. அப்புறம் எங்கடி கேப்ப?"

ஆசிரியையிடம் இதைச் சொல்லித் தனக்கும் ஒரு சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார். பிறகு துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்.

அப்பா இங்கே இருந்த நாட்களிலும் இரண்டு நாள், மூன்று நாள் என்று வராமல் இருப்பார். வந்ததும் அம்மா தட்டு வைப்பாள். நான் அந்தப் பக்கம் போகாமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கை கழுவும் சத்தம் கேட்கும். பிறகு டிவி ஓடும். பஸ் ஆலைக்குள் திரும்புவதற்குள் அந்தத் தட்டு வாக்கியத்தை மனதுக்குள் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாற்றினேன்.

அன்று சாயங்காலம் அம்மா மறுபடி கேட்கவில்லை. போனை என் பக்கத்தில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்தாள்.

"வரச் சொல்லும்மா," என்றேன். "சாப்பாட்டு நேரத்துக்கு வேணாம்."

அம்மா உரித்த தோலைக் கூட்டி ஓரமாக ஒதுக்கினாள்.

"அப்ப பத்தரைக்குச் சொல்லட்டா?"

"சொல்லு."

"டீ போடலாமில்ல?"

யோசித்தேன். டீ குடிக்கிறவரிடம் கேட்கலாம். போடலாம் என்றேன்.