மூன்று மணி நேரத்துக்கு ஒரு பேனா

முதல் முறை அரசு வேலைக்கான மெயின் தேர்வு எழுதியபோது கடைசி மூன்று கேள்விகளை நான் தொடவே இல்லை. விடை தெரியாமல் இல்லை. இரண்டு மணி நேரம் தாண்டியதும் கட்டைவிரலுக்கு அடியில் சுண்டி இழுத்து, கை அப்படியே நின்றுவிட்டது. இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உதறிவிட்டு மறுபடி எழுதினேன். நாலு வரிக்குள் திரும்பவும் பிடித்துக்கொண்டது. மணி அடித்தது.

இரண்டாம் முறை எழுதுவதற்கு முன் வீட்டில் ஒரு முடிவு செய்திருந்தோம். இதிலும் வரவில்லை என்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்துவிடுவேன். மூன்றாம் முறை கிடையாது. முடிவைச் சொன்னது நான்தான். ஆகவே யாரிடமும் முறையிட வழியில்லை.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தபோது சிக்கலை இரண்டாகப் பிரித்து எழுதிவைத்தேன். ஒன்று, படிப்பு. இரண்டு, கை. படிப்புக்கு அட்டவணை இருந்தது. கைக்கு ஒன்றுமே இல்லை.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். வீட்டின் பின்பக்கம் அப்பாவின் சாயப்பட்டறை. பட்டு நூல் கட்டுகளுக்குச் சாயம் போட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். நானும் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். அப்பா சாயப்பொடி நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசை எடுத்துவந்து, அதன் மேல் ஒரு அட்டையும் தாளும் வைத்து எழுதிப் பார்த்தேன். பால் பாயிண்ட் பேனாவால் எழுதும்போது தராசு இருநூறு கிராமைத் தாண்டியது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இங்க் பேனாவுக்கு ஐம்பதைக்கூடத் தொடவில்லை. மூன்று மணி நேரம் என் கட்டைவிரல் எதைச் சுமந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். கையில் ஒரு பட்டியல். பேனா கனமாக இருக்கக் கூடாது. மூடி திருகாமல் இழுத்தால் வர வேண்டும். நிப்பு மெல்லியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் விடைத்தாள் மட்டமான தாள், மை பின்பக்கம் ஊறும். ஒருமுறை நிரப்பினால் ஒரு தேர்வு முழுக்க வர வேண்டும். ஒரே மாதிரி இரண்டு வாங்குகிற விலையில் இருக்க வேண்டும்.

"டெய்லி எழுதறதுக்காமா, பாக்கெட்ல குத்திக்கறதுக்கா?" என்றார் கடைக்காரர்.

"மூணு மணி நேரம் நிறுத்தாம எழுதறதுக்குண்ணா."

"பேனா தாங்கும். நீ தாங்குவியா?"

எங்கள் பயிற்சி மையத்தின் விடைத்தாள் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒவ்வொரு பேனாவாக ஒரே வாக்கியத்தை எழுதி, தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். அவர் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்கமா."

உடம்பிலேயே மை ஊற்றும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பேனா அதிக நேரம் வரும். ஆனால் மை குறைந்ததும் கைச்சூட்டில் உள்ளே காற்று விரிந்து சொட்டு விழும் என்று தெரியும். கால்வாசி மையோடு உள்ளங்கையில் வைத்திருந்து எழுதினேன். இரண்டாவது பத்தியில் விழுந்தது. உலோகப் பேனா பார்க்க நன்றாக இருந்தது, கனம். மூன்றாவது நீல நிற பிளாஸ்டிக் பேனா. பின்பக்கம் திருகி மை உறிஞ்சுவது. இருநூறு ரூபாய்க்குள். எழுதும்போது கையில் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று அடுத்த லோடில் வரும் என்றார். ஒரு பாட்டில் கருப்பு மையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வில் எல்லாக் கேள்விகளையும் எழுதினேன். ஒன்பது நிமிடம் மீதி. கை வலிக்கவில்லை. ஆனால் தாளைத் திருத்திய பயிற்சி மைய ஐயா முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்: "எழுத்து மங்கல். படிக்கக் கண்ணைக் கசக்க வேண்டியுள்ளது." மங்கலான எழுத்தை நூறு தாளுக்கு நடுவே யாரும் பொறுமையாகப் படிக்க மாட்டார்கள் என்று நேரிலும் சொன்னார்.

விடைத்தாளை வீட்டில் மேசையில் வைத்திருந்தேன். அப்பா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு கருப்பா? நாலு தபா அலசி ஊத்துன தண்ணிமா இது."

"கடைல இதான் இருக்குதுப்பா."

"கடைல இருக்கும். நம்மகிட்ட இன்னா இல்ல?"

அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. மை என்பது சாயமும் தண்ணீரும்தான். நான் பதில் சொல்வதற்குள் அப்பா கருப்பு டப்பாவைத் திறந்துவிட்டார். பட்டுக்குப் போடும்போது சேர்க்கும் ஆசிட்டைச் சேர்க்க வேண்டாம், நிப்பு அரித்துவிடும் என்று மட்டும் சொன்னேன். பொடியை நிறுத்து, கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளை மல் துணியை நாலாக மடித்து மூன்று தடவை வடிகட்டினார். அன்று சேலை பார்டருக்கான ஒரு நூல் கட்டு சாயத்துக்குக் காத்திருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு இதைச் செய்தார்.

எழுதிப் பார்த்தேன். அப்படி ஒரு கருப்பை நான் தாளில் பார்த்ததில்லை. எழுத்து அச்சடித்த மாதிரி எழுந்து நின்றது.

"இது கருப்பு," என்றார் அப்பா. அந்தத் தாளைக் கொண்டுபோய்ப் பக்கத்துப் பட்டறைக்காரரிடம் வேறு காட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில், மின்விசிறிக்குக் கீழே, நாலு பக்கம் எழுதிச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். வேர்வைக்கு ஒரு வரி இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு கடைசி மாதிரித் தேர்வு. தொடங்கிய அரை மணி நேரத்தில் கரண்ட் போனது. மாடி அறை, தகரக் கூரை. ஐந்தாம் பக்கத்தைத் திருப்பும்போது முதலில் பார்த்தேன். தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. முந்தைய பக்கத்தைத் திருப்பினேன். அதிலும் இருந்தது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் முழுக்கக் கருப்பு. கை பட்ட வரியெல்லாம் இழுபட்டிருந்தது. கைக்குட்டையில் துடைத்தேன். கையில் இருந்த கருப்பு போகவில்லை, கைக்குட்டைதான் பாழானது. துடைத்துத் துடைத்து எழுதியதில் கடைசி இரண்டு கேள்விக்கு நேரம் இல்லை.

ஐயா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாமா, கைநாட்டு வச்சிருக்க? பேர் எழுதத் தெரியாதா உனக்கு?"

அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"விளையாட்டு இல்லமா. தாள்ல அடையாளம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு ஹால் டிக்கெட்லயே போட்டிருக்கான். உன் ரேகைய விட பெரிய அடையாளம் இன்னா இருக்குது? இத ஒருத்தன் தூக்கிப் போட்டா கேக்க நாதி இல்ல."

வீட்டுக்கு நடந்து வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் வருடப் பாடம் அது. பட்டுக்குப் போடும் இந்தச் சாயம் புரதத்தைத்தான் பிடிக்கும். பட்டு புரதம். தாள் பருத்தியின் ஜாதி, செல்லுலோஸ். அதில் சும்மா உட்கார்ந்திருக்கும், பிடிக்காது. லேசாக ஈரம் பட்டால் எழுந்துவிடும். எழுந்து எங்கே போகும்? பக்கத்தில் இருக்கும் புரதத்துக்கு. என் கைக்கு. பரீட்சையில் இதே கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்பாவோ முப்பது வருடமாகக் கையில் கலரோடுதான் சாப்பிடுகிறார். எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எங்களுக்குச் சாயம் என்றால் பட்டில் ஏறும் சாயம்தான்.

அப்பாவிடம் தாளைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பேனாவை வாங்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் உட்கார்ந்து, சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றி மாற்றி அலச ஆரம்பித்தார். தண்ணீர் தெளியும்வரை அலசுவது அவருக்குத் தினப்படி வேலை. அன்று ஒரு மணி நேரம் ஆகியும் தெளியவில்லை. நிப்புக்கு அடியில் மை இறங்கும் கட்டைக்குள் பொடி படிந்துவிட்டது. மறுநாள் எழுதிப் பார்த்தபோது மூன்று சொல்லுக்கு ஒரு தடவை விட்டு விட்டு வந்தது.

ஒன்பது நாள் இருந்தது. பேனா இல்லை. கடையில், "லோடு இன்னும் வரலமா, நாளைக்குப் பாரு," என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். சென்னைக்குப் போய்த் தேடினால் ஒரு நாள் படிப்பு போகும். உலோகப் பேனாவையே வாங்கிவிடலாமா என்று கடையில் அதை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தேன். பிறகு பால் பாயிண்டுக்கே திரும்பிவிடலாமா என்றும் நினைத்தேன். நினைத்தவுடன் கட்டைவிரல் அடியில் அந்த இழுப்பு வந்தது. எழுதாமலே.

என்னோடு படிக்கும் தோழி வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளிடம் பேனாவின் படத்தை அனுப்பினேன்.

"நீ இன்னா பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருக்கற? பேனா பரீட்சைக்கா?" என்று குரல் பதிவு அனுப்பினாள். ஆனால் மறுநாள் வரும்போது பையிலிருந்து இரண்டு பேனாக்களை எடுத்து வைத்தாள். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கடையில் வாங்கியது. அதே பேனா, ஆனால் ரோஸ் கலர், உடம்பெல்லாம் பூனைக்குட்டிப் படம்.

"வேற கலர் இல்லியா?"

"ஏன், பூனயா பரீட்ச எழுதப் போவுது? புடிபா. காசு குடு."

மைக்கு இந்த முறை ஒழுங்காகச் சோதனை வைத்தேன். மூன்று விதமான கருப்பு வாங்கி, விடைத்தாளில் கோடு கோடாக எழுதி, ஐந்து நிமிடம் விட்டு, ஈர விரலால் தேய்த்தேன். இரண்டு இழுபட்டன. ஒன்று லேசாகத்தான் அசைந்தது. அது மூன்றிலும் அடர்த்தியானது இல்லை. பழையதைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். அப்பா பார்த்துவிட்டு, "சாம்பல்தான். ஆனா நிக்குது," என்றார்.

மிச்சம் இருந்தது கை. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கருப்பு போகவே இல்லை. எலுமிச்சை, சீயக்காய், படிகாரம் எல்லாம் ஆயிற்று. தோல் வெளுத்தது, நகக்கண்ணில் அப்படியே நின்றது. விரலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினேன். ஒன்றும் ஒட்டவில்லை. பத்து தடவை அழுத்தினேன். பதினோராவதில் ஒட்டினால் என்ன செய்வது என்று மறுபடி அழுத்தினேன்.

தேர்வு மையம் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம். முதல் இரண்டு மணி நேரம் நான் எதையும் நினைக்கவில்லை. பேனா போய்க்கொண்டே இருந்தது. பதினேழாவது கேள்வியின் நடுவில் என் மேசை மேல் நிழல் விழுந்தது. மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியை.

"கைய காட்டுமா."

காட்டினேன்.

"இன்னாது இது, விரலெல்லாம் கருப்பு? மை ஒழுவுதா?"

"இல்ல மேடம். சாயம். வீட்ல பட்டுக்குச் சாயம் போடறாங்க."

"தாள்ல பட்டுச்சுன்னா நான் மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கணும், தெரியுமில்ல?"

என் விடைத்தாளை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஒவ்வொரு ஓரத்தையும் பார்த்தார். எனக்குச் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. நாலாம் பக்கம், ஐந்தாம் பக்கம். பிறகு தன் கையிலிருந்த வெள்ளைத் தாளைத் திருப்பி வைத்து, "அழுத்து," என்றார். தண்ணீர் பாட்டிலைத் தொட்ட விரல், ஈரமாகவே இருந்தது. அழுத்தினேன். ஈர வட்டம் மட்டும் விழுந்தது. அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"காஞ்சிபுரம், மேடம்."

"சரி, எழுது, எழுது."

ஐந்து நிமிடம் போயிருந்தது. மூன்றரைக் கேள்வி மீதி. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை என்று வைத்துக்கொண்டேன். பாதியில் நின்ற விடையை இரண்டு வரியில் முடித்தேன். அடுத்ததில் ஆறு குறிப்பு. அதற்கடுத்ததில் ஐந்து. எழுத்து சாய்ந்தது, பெரிதானது. ஆனால் கை நிற்கவில்லை. கட்டைவிரலை நினைக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். கடைசிக் கேள்வியின் எண்ணை எழுதும்போது பேனாவில் மை தீர்ந்து கோடு வெளிறியது. மூடியைப் போடாமல் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது பேனாவை இழுத்தேன். நாலு குறிப்பு. ஐந்தாவது குறிப்பின் கடைசிச் சொல்லை எழுதும்போது மணி அடித்தது. சொல்லை முடித்துப் புள்ளி வைத்தேன்.

"பேனாவ கீழ வைங்க. எல்லாரும் வைங்க."

ஆசிரியை வரிசையாகத் தாள்களை வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கம் ஈரமாக மின்னியது. மூடினால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். ஊதினேன். அதற்குள் அவர் கை நீண்டுவிட்டது.

"மேடம், ஒரு நிமிஷம், காயல."

அவர் தாளை வாங்கினார். மூடவில்லை. விரித்த பக்கத்தை மேலே வைத்துப் பிடித்து, விசிறி மாதிரி இரண்டு தடவை ஆட்டிவிட்டு, அப்படியே திறந்த நிலையில் இடது கையில் ஏந்திக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.