விறகுக் கொட்டகையைக் காலி செய்தவன்

நுவரெலியாவில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் தொழில் நடத்தச் சொல்லித்தரும் ஒரு முகாமைத்துவ நூலை வாங்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே முதலீடு அதுதான். நட்டம் எனக்கு மட்டும் வந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் தலைமைக் கிளாக்கர். அந்த நூல் சொன்னது இவ்வளவுதான்: கிடங்கில் தூங்கும் சரக்கு வீண், தேவையான நாளில் தேவையான அளவு வந்து இறங்கினால் போதும். படித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எதிரே விறகுக் கொட்டகை. இரண்டு மாதத்துக்கான சவுக்குக் கட்டைகள் கூரை முட்டத் தூங்கிக்கொண்டிருந்தன. அன்றே தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குக் கடிதம் எழுதினேன். அதில் மூன்று அம்புக்குறிகள் போட்ட படமும் இருந்தது. படம் இருந்தால் துரைமார் மறுப்பதில்லை.

தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் மட்டும் முகம் சுளித்தார். "அது வெறும் விறகு இல்ல கிளாக்கர். என் தூக்கம்."

நான் சிரித்தேன். கட்டைகள் தீரத் தீரக் கொட்டகை காலியானது. லொறி வாரம் ஒருமுறை வந்தது. காலி இடத்தில் துரையின் ஜீப் நனையாமல் நின்றது. மதிய வேளையில் நாங்கள் அங்கே கரம் பலகை போட்டு விளையாடினோம். நவீன முகாமைத்துவத்தின் பயனை நான் நேரில் அனுபவித்த காலம் அது.

பிறகு மழை வந்தது. ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் காலையில் பார்த்தால், ராகலைப் பாதையின் ஒரு வளைவில் மலை சரிந்து கிடந்தது. ஆளுக்குச் சேதமில்லை. பாதை இருந்த இடத்தில்தான் பாதை இல்லை. விறகு லொறி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கொட்டகையில் மிஞ்சியது ஒரு நாள் விறகு. பாதை திறக்கப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள்.

பறித்த கொழுந்து காத்திருக்காது. மறுநாளே அரைத்துக் காயவைத்துவிட வேண்டும். காயவைக்கும் இயந்திரத்துக்குச் சூடு தருவது விறகு அடுப்பு. அடுப்பு அணைந்தால் கொழுந்து எருக்குழிக்குப் போகும். கொழுந்து வேண்டாம் என்றால் மலையில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்கு வரவுப் பதிவில் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. மழை விட்டு வெயிலும் தலைகாட்டியிருந்தது. மலை முழுக்கக் கொழுந்து துளிர்த்து நின்றது. அத்தனை பெண்களின் பத்து நாள் வேலை என் மூன்று அம்புக்குறிகளில் தொங்கியது.

மறுநாள் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், செய்தியை என்னையே சொல்லச் சொன்னார் துரை. நியாயம்தான்.

"பாதை தெறக்கிற வரைக்கும் கொழுந்து வேணாம்" என்றேன்.

கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கங்காணியும் ஒரு பெண்தான். ஐம்பது வயதிருக்கும். கூடையை இறக்காமலே கேட்டார்.

"ஏன் வேணாங்கிறீங்க?"

"விறகு இல்ல கங்காணியம்மா."

"கொட்டகை நெறைய இருந்துச்சுங்களே?"

"அது... இப்ப புது முறை. புஸ்தகத்துல படிச்சேன்."

"புது முறைல அடுப்பு எரியாதுங்களா?"

களம் சிரித்தது. துரைகூடத் தொப்பியைச் சரிசெய்யும் சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"லயத்துக்குப் பின்னால என்னைக்காவது வந்திருக்கீங்களாய்யா?" என்றார் கங்காணியம்மா.

வந்ததில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு முன்னால் இருபது வருடமாக நடந்திருக்கிறேன். பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் மிளாறுகளைக் கட்டிக்கொண்டுபோய், ஒவ்வொரு வீட்டுக்காரரும் இறவாரத்தின் கீழ் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஐந்து நாள் மழையிலும் ஒரு குச்சி நனையவில்லை.

டீமேக்கர் தலையை ஆட்டினார். "மிளாறு சட்டுனு பத்திச் சட்டுனு அணைஞ்சிரும்மா. சூடு ஏறி எறங்கினா தூள் கருகிப் போகும்."

"எங்க வீட்டு ரொட்டி கருகுறதில்லீங்களே. தூர்க்கட்டைய அடியில வச்சு, மிளாற இறுக்கிக் கட்டி மேல சொருகணும். உங்க அடுப்புக்காரருக்கு நாங்க காட்டித் தர்றோம்."

பின்வரிசையில் ஒரு குரல்: "அப்ப நம்ம வீட்டு அடுப்புல மண்ணையா வைக்கிறது?"

"ரெண்டு வீட்டுக்கு ஒரு அடுப்பு. பத்து நாளைக்குத்தான். நீ பக்கத்து வீட்டுக்காரியோட."

"அவளோடயா? தீவாளியிலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சே இல்ல!"

"பேசச் சொன்னேனா? ஒலைய வையின்னுதான் சொன்னேன்."

நான் ஏதாவது பயனுள்ளதாகச் சொல்ல விரும்பினேன். "எப்படிம்மா ஏத்திக்கிட்டு வர்றது? டிராக்டருக்கு டீசலும் அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சே."

கங்காணியம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "காலைல பெரட்டுக்கு வர்றப்ப தலை சும்மாதானங்கய்யா வருது?"

பிறகு துரையின் பக்கம் திரும்பினார். "ஒண்ணுங்க தொர. நாங்க குடுக்கிறது மிளாறு. பாதை தெறந்ததும் எங்களுக்கு வர வேண்டியது சவுக்கு."

துரை ஒப்புக்கொண்டார். அவருக்குப் படம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் காலை பனிமூட்டத்தில் மேட்டுப் பாதையைப் பார்த்தேன். தேயிலைச் செடிகளே எழுந்து பெரட்டுக்கு நடந்து வருவதுபோல் இருந்தது. தலைக்கு ஒரு கட்டு. என் பங்குக்கு நானும் ஒரு கட்டைச் சுமந்தேன். பாதி வழியில் அது அவிழ்ந்தது. பின்னால் வந்தவர் தன் தலைச்சுமையோடேயே குனிந்து, சிதறியதைப் பொறுக்கிக் கட்டி, "ஐயா கைய வீசிக்கிட்டு வாங்க, அதுவே ஒதவி" என்றார்.

முதல் நாள் சூடு ஏறி இறங்கத்தான் செய்தது. கங்காணியம்மாவே அடுப்படியில் நின்று கட்டு சொருகக் காட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் டீமேக்கர் வழக்கம்போல் தேநீரை ருசி பார்த்தார். ருசி பார்ப்பவர்கள் துப்பிவிடுவார்கள். அதுதான் தொழில் முறை. அவர் விழுங்கிவிட்டார். இன்னொரு மடக்கும் குடித்தார். அந்தத் தொழிற்சாலையில் அதைவிடப் பெரிய பாராட்டை நான் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் பாதை திறந்தது. அதுவரை ஒரு கூடைக் கொழுந்துகூட எருக்குழிக்குப் போகவில்லை. விறகில்லை என்று ஒருவருக்கும் பேர் விழாமல் போகவில்லை. இந்த ஏற்பாட்டை நான் என் நூலில் தேடிப் பார்த்தேன். பொருளடக்கத்திலேயே இல்லை. ஒரே அடுப்பில் ஒன்பது நாள் சமைத்த அந்த இருவரும் பாதை திறந்த அன்று மாலையே பழையபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்களாம். ஒன்பது நாளும் பேசியிருக்கிறார்கள் என்பதே அதன் பிறகுதான் தெரிந்தது.

முதல் லொறி லயங்களுக்குத்தான் போனது. நானும் கூடப் போனேன். இருபது வருடத்தில் முதல்முறையாக லயத்தின் பின்பக்கம். சவுக்குக் கட்டைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெறும் சுவரைப் பார்க்கப்போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எல்லா வீட்டுக்குப் பின்னாலும், சுவரை ஒட்டி இடுப்பளவுக்குப் பழைய மிளாறு அப்படியே இருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை.

"இது என்னம்மா மிச்சம்?" என்றேன் கங்காணியம்மாவிடம்.

"அது அடுத்த மழைக்குங்கய்யா" என்றார், ஒரு கட்டையை மேலே தூக்கி வைத்தபடி. "இருக்கிறத எல்லாம் காலி பண்ண, நாங்க என்ன அந்தப் பொஸ்தகத்தப் படிச்சவங்களா?"