மல்லனுக்கு நான் ஏற்றிவைத்த வயது

மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங்கைவிட வாய் முக்கியம். பேச்சு நின்றால் ஆட்கள் பள்ளத்தைப் பார்த்துவிடுவார்கள். தொண்ணூறுகளில் பாறசாலையிலிருந்து என் ஜீப்பில் மலையேறி இடுப்பு பிடித்துக்கொண்டவர்களே, அந்தக் குலுக்கலை நானும் மறக்கவில்லை, அதற்காக ஏங்குகிறேன் என்றுகூடச் சொல்வேன். உங்களிடம் ஒரு புளுகை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நூற்றிருபது ஆன விதம்

மலைக்குடியில் மல்லன் என்றொருவர், மனைவியை இழந்த தனியாள். வயது கேட்டால், "மூங்கில் பூத்தது மூணு வாட்டி கண்டாச்சு" என்பார். மூங்கில் பூக்க நாற்பது வருஷம் என்று எங்கோ கேட்டிருந்தேன். மூன்று நாற்பது நூற்றிருபது. ஒரு கொண்டை ஊசி வளைவில், ஜீப்பில் இருந்தவர்களிடம் அதை எடுத்துவிட்டேன். அடுத்த வாரமே அவரைப் பார்க்கவென்று ஜீப் நிறைந்தது. விஷயத்தை மல்லனிடம் சொன்னேன். சிரித்தார்.

"சொல்லிக்கோ மக்கா, எனக்கென்ன தேஞ்சா போகும்?"

ஆயுளின் ரகசியம்

நெய்யாற்றின்கரையிலிருந்து ரிட்டயரான வாத்தியார் ஒருவர் நோட்டுப்புத்தகத்தோடு வந்தார். கிழங்கு, தேன், பச்சிலை என்று வழியிலேயே எழுதி முடித்துவிட்டு, மல்லனிடம் சரிதானே என்றார். மல்லனுக்குப் பொய் வராது. அந்த இலாகா என்னுடையது.

"சந்தைக்கு எறங்கினா பொரோட்டாவும் எறச்சியும் ஆக்கும் ஸாரே."

பெண் கேட்ட இடத்தில்

பக்கத்து மலைக்குடியில் காளி என்ற விதவையை மல்லன் பெண் கேட்டிருந்தார். பேச்சு முடிகிற சமயம், அவள் அண்ணன் காதில் என் நூற்றிருபது விழுந்துவிட்டது. கல்யாணம் நின்றது. மல்லன் என் ஜீப்பை மறித்தார். திட்டவில்லை, அதுதான் சங்கடம்.

"எலே, ஏத்துன வயச நீயே எறக்கித் தா. அவ இல்லாம எனக்குப் பற்றாது."

மூன்று மலை

அண்ணனிடம் ஓடி, நூற்றிருபது என் புளுகு என்றேன். "இப்பம் சொல்லுகதாவது நெசமா வேய்?" என்றார். அதன்பிறகே மல்லனிடம் அந்தப் பூவையெல்லாம் எங்கே கண்டீர் என்று கேட்கத் தோன்றியது. ஒரே காடு மூன்று தரம் பூத்ததல்ல, மூன்று மலையில் மூன்று காடு! மூன்றும் வேறு வேறு வருஷம்! முதலாவதே அவர் வாலிபத்தில் கண்டதுதான்.

மல்லன் வழிகாட்ட, அண்ணனை மூன்று காட்டுக்கும் நடத்திப்போனேன். காளியும் கூடவே வந்தாள். பூத்துப் பட்டுப்போன இடத்தில் முளைத்த மூங்கில், முதல் காட்டில் வானத்தை மறைத்து நின்றது, அடுத்ததில் ஆள் உயரம், கடைசியில் முழங்கால் அளவு. அண்ணனுக்குப் புரிந்தது, ஆனாலும் மாப்பிள்ளைக்கு அறுபது இருக்குமே என்று முனகினார். மல்லன் அதற்குள் மேட்டில் ஏறி மறைந்துவிட்டார். நானும் அண்ணனும் ஒரு வேரில் உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தோம். காளி எங்களைத் தாண்டி நடந்தாள்.

"நூத்தியிருவதோ அறுவதோ, முன்னால போறது அவராக்கும், நிங்க ரெண்டுபேரும் எப்பம் எழும்புவிய?"

ஒரே வளைவில் நான் கூட்டிய வயதைக் கழிக்க மூன்று மலை ஏறவேண்டி வந்தது. மல்லனிடமிருந்து இறக்கியதை என் முட்டி இன்னும் சுமக்கிறது.