ஒத்திகையிலை என்ரை தாலி

இல்லைப் பிள்ளை, உனக்கு ஆரோ பிழையாய்ச் சொல்லிப்போட்டினம். லொறி ஒண்டும் பிரளேல்லை. எல்லாம் நடிப்பு. அதிலை அடிபட்ட ஆளே நான்தானே.

பிறஷர் கிளினிக்குக்குப் போனனான். எந்த ஆஸ்பத்திரி எண்டு கேளாதை, பிறகு எனக்குப் பிறஷர் மருந்துக் குளிசை தரமாட்டினம். வாங்கிலை குந்தினா, கொழும்பிலையிருந்து வந்த பெரிய டொக்டர் ஒருத்தர் ஒத்திகை வைக்கிறாராம். அணுக்கதிர் வீசுற சாமான் ஏத்தின லொறி பாலத்தடியிலை பிரண்டு, அந்தத் தூள் சனத்திலை பட்டா எப்பிடிக் கழுவி எடுக்கிறது எண்டு. "அம்மா, நீங்கள் நோயாளியா நடியுங்கோ" எண்டார். ஓம் எண்டிட்டன். வீட்டிலை மனிசன்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு இது பரவாயில்லை.

மேலெல்லாம் கோதம்பமா தூவினவை. அதுதான் கதிர்த்தூளாம். கதிர் பாக்கிற மெசின் வந்து சேரேல்லை. ஒருத்தர் ஏசி ரிமோட்டை என்ரை வயித்துக்கு நேரை பிடிச்சு, வாயாலை "கிர் கிர்" எண்டார். அவ்வளவு படிச்சவர். தண்ணி கொண்டாற பவுசர் வண்டியும் வரேல்லை. வெறும் வாளியைத் தலையிலை கவிட்டுப்போட்டு, ஊத்தியாச்சாம். நானும் பாவம் எண்டு தலையைத் துவட்டினன். சீலையையும் கழட்டினமாதிரி வைப்பம் எண்டு பச்சைத் துணியொண்டைச் சுத்திவிட்டினம். அதுக்குள்ளை கழுதை ஒண்டு மறிச்சுக் கட்டின கயிறைத் தாண்டி வந்து நிலத்திலை கொட்டுண்ட மாவை நக்கினது. அதையும் கழுவுவியளோ எண்டு கேட்டன்.

பிறகுதான் கேளன், பெரிய டொக்டர் சொல்லுறார். "நகையெல்லாம் கழட்டிப் பையிலை போடுங்கோ அம்மா. தாலியும்."

"என்ரை மனிசன் கேற்றடியிலை சைக்கிளோடை உயிரோடை நிக்கிறார்" எண்டன்.

"இது ஒத்திகைதானே அம்மா."

"ஒத்திகைதானே ஐயா, கழட்டினமாதிரி வையுங்கோ. தண்ணியில்லாமலே குளிப்பாட்டினனீங்கள்."

அது ஏலாதாம். பையிலை போட்டுப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்போணுமாம். கழட்டாட்டி அங்காலை விடமாட்டினமாம். கிளினிக் கதவு அங்காலைதான். நான் கழுத்தைப் பொத்திக்கொண்டு நிண்டன். வாங்கிலை இருந்த பொம்பிளையள் எல்லாரும் தங்கடை தாலியைச் சட்டைக்குள்ளை தள்ளிச்சினம்.

பக்கத்திலை நிண்ட தாதி மிஸிக்குச் சிரிப்பு. "சேர், உண்மையா லொறி பிரண்டாலும் இஞ்சை ஒருத்தியும் கழட்டமாட்டா. நானும்தான்" எண்டா.

பெரிய டொக்டர் தாடையைச் சொறிஞ்சார். கொழும்பிலையிருந்து பெட்டி பெட்டியாய்க் கடுதாசி கொண்டு வந்தவர், எங்கடை கழுத்தை ஒருக்கா யோசிக்கேல்லை. கடைசியிலை, "சரி, தாலியோடையே கழுவுங்கோ" எண்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போட்டார். மிஸி இல்லாத சோப்பாலை என்ரை தாலியை நல்லா உரஞ்சிக் கழுவினா.

அங்காலை போனா கிளினிக் முடிஞ்சுதாம். குளிசையையும் தந்தமாதிரி வைக்கட்டாம்.

கேற்றடியிலை மனிசன் என்ரை தலையைப் பாத்திட்டு, "ரொட்டி சுட்டனியே?" எண்டார்.

"உங்கடை உயிரைக் காப்பாத்திப்போட்டு வாறன், பேசாமல் சைக்கிளை உருட்டுங்கோ" எண்டன். அந்தாளுக்கு இன்னும் விளங்கேல்லை...

இஞ்சை பார், காயப்போட்ட நெல்லிலை மாடு வாய் வைச்சிட்டுது. அந்தத் தடியை எடு பிள்ளை.