வால்நட் தின்னும் மருமகள்

இமெரேத்திப் பக்கம் கல்யாணம் நிச்சயமானால் முதலில் பாதிரியாருக்குச் சொல்வார்கள், அடுத்தது சியாலாவுக்கு. வான்கோழியை வேகவைத்து, வால்நட் அரைத்த குழம்பில் ஊறப்போட்டு, ஆறவைத்துப் பரிமாறும் சாட்ஸிவியில் அவளை மிஞ்ச ஆளில்லை. அரைத்த விழுதை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் எண்ணெய் சொட்டும். அதைக் குழம்பின்மேல் பொட்டுப் பொட்டாக விட்டுத்தான் பந்திக்கு அனுப்புவாள்.

அப்படிப்பட்டவளின் மோப்பத்தை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பூண்டும் தெரியாது, புகையும் தெரியாது, நாக்கில் ருசியும் தெரியாது. பாவம், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் சமையலுக்குக் கூப்பிடுவார்கள்? ஓட்டோடு இருக்கும் வால்நட்டை மட்டும் வாங்கி, பருப்பின் நிறத்தையும் ஒடியும் சத்தத்தையும் வைத்தே ஒப்பேற்றி வந்தாள்.

அவளுக்கிருந்த ஒரே குறை மருமகள் ஏத்தெரி. பருப்பை உடைத்து வைத்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து கொறிக்க ஆரம்பித்துவிடுவாள். "மூளைக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாராம். இவ தின்ன தீனிக்கு இந்நேரம் மந்திரியாயிருக்கணும்" என்று சியாலா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஏத்தெரி அடுத்த பருப்பை எடுத்துக் கடிப்பாள்.

குராம் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் வந்தது வினை. கிழவிக்கு வேலை மிச்சம் என்று பெருமையாக, உடைத்த பருப்பாகவே இரண்டு மூட்டை இறக்கிவிட்டுப் போனான் குராம். எப்போது உடைத்ததென்று அவனுக்கே தெரியவில்லை. தோல் கருத்திருந்தது. பாதிப் பருப்பு ஒடியாமல் வளைந்தது; நிறத்தையும் சத்தத்தையும் வைத்து நல்லது கெட்டது பிரிக்க வழியில்லை. சியாலா பழக்கத்தில் முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. சிக்கு வாடை பிடித்த பருப்பு கொஞ்சம் விழுந்தாலும் இருநூறு பேர் குழம்பும் பாழ். அந்தப் பெண்ணின் கல்யாணமும் கெடும், இவள் பெயரும் போகும்.

ஏத்தெரி வழக்கம்போல் வந்து மூட்டையருகே உட்கார்ந்தாள். இந்தமுறை சியாலா திட்டவில்லை.

"ஏத்தெரி, எனக்கு வாசனை தெரியாதும்மா. ரெண்டு வருஷமாச்சு."

"தெரியும் அத்தை."

"எப்படி?"

"அன்னைக்குப் பால் தீஞ்சப்போ அடுப்புகிட்டயேதான் நின்னீங்க. மூஞ்சில ஒரு சலனமில்ல. அதுலேருந்துதான் நான் தின்ன ஆரம்பிச்சேன்." ஏத்தெரி ஒரு பருப்பைக் கடித்து, முகம் சுளித்து, ஏப்ரனில் துப்பினாள். "எனக்கு வால்நட்டே பிடிக்காது அத்தை."

சியாலாவுக்கு முகம் எரிந்தது. ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. தன் முக்காலியை மருமகளுக்குத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஏத்தெரி முகர்ந்தும் கடித்தும் ஒதுக்கியதில் சாயங்காலத்துக்குள் ஒரு மூட்டைக்குமேல் கழிந்தது. குறைந்ததற்கு வீட்டிலிருந்த வால்நட்டை உடைத்துச் சேர்த்தார்கள்.

மறுநாள் பந்தியில் குழம்பை வழித்துத் தின்றபடி ஒருத்தி, "மருமக இந்தத் தடவையும் மூட்டையில கைவச்சாளா?" என்று சீண்டினாள்.

"வச்சா" என்றாள் சியாலா. கண் கலங்கியிருந்தது. "அவ தின்னலைன்னா நீங்க ஒருத்தரும் இதைத் தின்னிருக்க முடியாது."