அம்மனுக்கு விட்ட கொத்தமல்லி

கொத்தமல்லி முளைக்கவில்லை என்று யாராவது என்னிடம் வந்து குறைபட்டுக்கொண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். முழு மல்லியை அப்படியே மண்ணில் கொட்டிவிட்டு, இத்தனை நாளாகியும் தலை காட்டவில்லை என்பார்கள். எப்படிக் காட்டும்? ஒரு மல்லிக்குள் இரண்டு விதை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தரையில் பரப்பி, பலகையால் மெல்லத் தேய்த்து அதை இரண்டாக உடைக்க வேண்டும். பொடியாகிவிடக் கூடாது. ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் ஈரம் போக உலர்த்தித் தூவி, மேலே சலித்த மண்ணைப் போர்த்த வேண்டும். எறும்பு இழுத்துக்கொண்டு போகாமலிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல். இவ்வளவுதான் வித்தை. ஊரில் இதற்குக் கைராசி என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அது அமோகமாக இருக்கிறது என்றார்கள். அந்தப் பேச்சுதான் என்னைக் கெடுத்தது.

நான் பிறந்த ஊர் ஓரிக்கை. பாலாற்றங்கரையில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. எங்கள் சனத்தில் பாதிப்பேர் ஏர் பிடித்தார்கள், பாதிப்பேர் தறியில் உட்கார்ந்தார்கள். அறுபதுகளின் நடுவில் என்னைக் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். முன்கூடத்தில் தறி, அதை ஒட்டி அடுப்படி, அதற்கும் பின்னால் கிணற்றோடு ஒரு துண்டுக் கொல்லை. என் வீட்டுக்காரர் நெய்வார். மாமியார் ராட்டினத்தில் உட்கார்ந்து ஊடைக்கான பட்டு நூலைச் சின்னக் குழல்களில் தார் சுற்றுவார். நானும் தார் சுற்றக் கற்றுக்கொண்டேன். சுமாராகத்தான் சுற்றினேன், பொய் சொல்வானேன். கை நூலில் இருந்தாலும் கண் கொல்லையில் இருக்கும்.

வந்த வருஷமே கிணற்றடியில் வழிகிற தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் இழுத்து, பாத்தி கட்டி, வெந்தயம் போட்டேன். வெந்தயம் சமர்த்து, போட்ட மூன்றாம் நாளே எட்டிப் பார்க்கும். அப்புறம் ஓமம், சோம்பு. மழை தொடங்கியதும் மல்லி. பட்டு நூலை வேகவைத்த சோப்புத் தண்ணீரை மாமியார் பாத்திப் பக்கம் கொட்டப் போனபோது ஓடிப்போய்த் தடுத்தேன். புது மருமகள், நினைத்துப் பாருங்கள். அவர் என்னைத் திட்டவில்லை. சிரித்துக்கொண்டே அண்டாவைத் தெருச் சாக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைசிவரை அவர் எனக்கு ஒரு கெடுதல் நினைத்ததில்லை. அதனால்தான் யாரை நொந்துகொள்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மல்லி தளதளவென்று வந்தது. தெருவில் யார் வீட்டில் ரசம் வைத்தாலும் ஒரு கிண்ணத்தோடு யாராவது கொல்லைக்கதவைத் தட்டுவார்கள். ஒரு பிடி கிள்ளிக் கொடுப்பேன். பிறகு, எங்கள் வீட்டிலும் வந்து ஒரு கை தூவிவிட்டுப் போ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். போவேன். தூவுவேன். வரும். நான் பெருமைப்பட்டேன், ஏன் மறைக்க வேண்டும். தறி ஓசை ஓயாத தெருவில் தார்கூட ஒழுங்காகச் சுற்றத் தெரியாதவளுக்கு அது ஒன்றுதான் மரியாதை.

பிள்ளை மட்டும் வரவில்லை.

முதல் வருஷம் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் ஜாடையாகக் கேட்டார்கள். அதற்கப்புறம் ஜாடையெல்லாம் போய்விட்டது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அம்மன் கோயிலில் பிள்ளை வரம் கேட்டுச் சுற்றுகிற தூணை வெள்ளிக்கிழமை தவறாமல் சுற்றினேன். ஆஸ்பத்திரிக்கும் போனோம், இரண்டு பேருமே. டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் ஒரு கோளாறும் இல்லை, காத்திருங்கள் என்றார். காத்திருப்பதற்கு மருந்து ஏதும் எழுதித் தரவில்லை.

எதிர்வீட்டில் ஒரு தெலுங்குக்காரம்மா இருந்தார். என் மல்லியை அதிகம் தின்றவர் அவர்தான். நல்ல மனுஷி, எனக்காகக் கண்ணீர் விட்டவர். ஒரு நாள் கொல்லைக்கு வந்தவர் பச்சைப்பசேலென்று கிடந்த பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நீ எதப் போட்டாலும் வருதும்மா. ஒடம்புல இருக்கிற பச்சையெல்லாம் கை வழியா மண்ணுக்கே எறங்கிடுது. அப்புறம் வயித்துக்கு இன்னா மிஞ்சும்?"

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் போடி என்று தள்ளியிருப்பேன். அக்கறையோடு சொன்னதால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று முழுக்க என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பைத்தியம்தான். ஆனால் காரணமே இல்லை என்று டாக்டர் சொன்னதைவிட, ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்பது பிடித்துக்கொள்ள வாகாக இருந்தது.

மாமியாரிடம் சொன்னேன். அவர் தார்க்குழலைக் கீழே வைத்தார். காசிக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒரு காயையோ பழத்தையோ விட்டுவிட்டு வருகிறார்கள் இல்லையா, அதுபோல அம்மனுக்கு மல்லியை விட்டுவிடு என்றார்.

"நீ ஒன்ன வுட்டாத்தான் அவ ஒன்னு தருவா, கண்ணு."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தூணருகில் நின்று வேண்டிக்கொண்டேன். எனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு முதல்மொட்டை போடுகிற நாள்வரைக்கும் மல்லி விதைக்க மாட்டேன், தின்ன மாட்டேன். அதுவரை எந்த விதையும் என் கையால் மண்ணில் விழாது. வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்குப் போய், இலை விரித்து நின்ற பாத்தியை நானே வேரோடு பிடுங்கினேன். மல்லி வாசனை கையில் இரண்டு நாள் இருந்தது. பசுமாட்டுக்காரர் வந்து வாரிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரசத்தில் மல்லித்தழை கிடையாது. நான் ஒருத்தி விட்டால் போதும். ஆனால் மாமியாரும் விட்டார், வீட்டுக்காரரும் விட்டார். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

பிறகு நடந்ததுதான் கொடுமை. சில மாதம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. மாமியார் வெளியே சொல்லக் கூடாது என்று வாயில் விரல் வைத்தார், ஆனால் அவர் நடையே மாறிவிட்டது. குடம் தூக்கவிடவில்லை. வீட்டுக்காரர் நெய்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் அம்மனிடம், இந்தா நீ கேட்டதை விட்டேன், நீ கொடுத்துவிட்டாய் என்று ராத்திரி படுக்கையில் கணக்கு நேர்செய்தேன். வாழ்க்கையில் நான் நிறைவாக இருந்த நாட்கள் அவை. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போது ஏனாத்தூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். போனோம், பந்தியில் உட்கார்ந்தோம், சாப்பிட்டோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வயிற்றில் வலி எடுத்து எல்லாம் கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்துக்கிடந்தபோதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. கல்யாண வீட்டு ரசத்தில் மல்லித்தழை போட்டிருந்தார்களா? கல்யாண ரசத்தில் மல்லி போடாமல் இருப்பார்களா? ஆனால் பார்த்த ஞாபகம் இல்லை. அன்றைக்கு என் வயிற்றைப் பற்றிய சந்தோஷத்தில் இலையில் என்ன விழுந்தது என்றே நான் பார்க்கவில்லை. கண்ணை மூடி அந்த இலையை மறுபடி மறுபடி கொண்டுவருவேன். இங்கே பொரியல், இங்கே அப்பளம், ரசம் வருகிறது, சோற்றில் குழி செய்கிறேன். அதற்குமேல் தெரியாது. மாமியாரைக் கேட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. அவருக்கும் ஞாபகம் இல்லை. அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அதற்கப்புறம் நான் வெளியே எங்கேயும் சாப்பிடவில்லை. கல்யாணம், சீமந்தம், காதுகுத்து எதுவானாலும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். திமிர் பிடித்தவள் என்றார்கள். பிள்ளையில்லாதவளுக்குப் பொறாமை என்றும் சொன்னார்கள். சொல்லட்டும். தெருவில் கீரைக்காரி மல்லி மல்லி என்று கூவிக்கொண்டு வரும்போது உள்ளே போய்விடுவேன். கொல்லைப் பாத்தி இறுகி, வெடித்து, கோரை முளைத்துக் கிடந்தது. தண்ணீரில்லாத ஒரு வருஷம் வந்தது, கிணற்றிலேயே அடிமண் தெரிந்தது. தெருவில் எல்லோர் கொல்லையும் என் கொல்லை மாதிரியே ஆனபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி ஒரு மனசு ஆகிவிட்டது எனக்கு.

ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்தேன். பிறகு மாதத்தை எண்ணுவதை விட்டேன், ஆனால் மல்லியை விட்டதை விடவில்லை. அதை உடைத்துவிட்டால் இனி இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த ஒரு நூல்தான் அறாமல் இருந்தது. என் தலையில் நரை தெரிய ஆரம்பித்திருந்தது. இருந்தாலும் மல்லி தொடாதவரைக்கும் அம்மன் என் பேரை மறந்துவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு புரட்டாசி மாதம். நெய்து முடித்த சேலையைக் கொடுத்துவிட்டு வரக் கடைத்தெருவுக்குப் போன வீட்டுக்காரர் மத்தியானம் திரும்பினார். மாமியார் வழக்கம்போல ராட்டினத்தில் இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூலில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரித்தேன். விதைமல்லி. நல்ல விதை, புதுசு, ஒரு கல் இல்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மழ வருது. எடம் சும்மாதான கெடக்குது. போட்டுடு."

சத்தம் போடாமல், ரொம்ப இதமாகத்தான் சொன்னார். அவரை அடிக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஊர் சொன்ன எதற்கும் நான் இப்படி உடைந்ததில்லை. உடனே மாமியாரைப் பார்த்தேன். அவர் தடுப்பார். வேண்டுதல் இருக்கிறதே, இன்னா பேசற நீ என்று மகனை அதட்டுவார், பொட்டலத்தைப் பிடுங்கித் தூர வைப்பார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். ராட்டினம் நிற்கவே இல்லை.

சாயங்காலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கோரையைக் கொத்தி எடுத்தேன், மண்ணைப் புரட்டினேன். மல்லியைப் பலகையால் உடைத்து ஊறப்போட்டேன். காலையில் தூவினேன்.

எல்லாம் முளைத்தது.