நாற்பத்தொரு பேரின் சம்பளம்

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பொய் சொல்வதில்லை. பத்தொன்பது வருடம் ஒரே அலுவலகக் கட்டடத்தில் வேலை பார்த்த லிப்ட் மெக்கானிக் கண்டுபிடித்த உண்மை இது. கதவு திறக்கும்வரை அவர்களைப் பேச வைத்தால் பயம் தெரியாது; பேச வைப்பதும் அவர் வேலையில் சேர்த்தி. வழக்கமாக வெயில், மழை என்று ஏதாவது பேசுவார். அந்த மாதம் மட்டும் வேறு பேச்சு.

"தம்பி, பதறாதீங்க, ரெண்டே நிமிஷம். கம்ப்யூட்டர் இன்ஜினியரா நீங்க? படிக்க எவ்வளவு செலவாச்சு? இப்ப மாசம் எவ்வளவு வருது?"

பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத சம்பளத்தை மனிதர்கள் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒப்பித்தார்கள்.

காரணம் வீட்டில் இருந்தது. மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருந்தது. ஊருக்கு வெளியே கண்ணாடிச் சுவர் வைத்த புதுக் கல்லூரியில் நான்கு வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம். இரண்டு பஸ் மாறிப் போகிற பழைய கல்லூரியில் மூன்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றில் பணம் கட்டியாக வேண்டும். புதியதென்றால், வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனை கைவிட்டுப் போகும். அவர் அதற்குத் தயார். கண்ணாடிக் கல்லூரியின் படத்தைச் செல்போன் முகப்பிலேயே வைத்துவிட்டார். மனையை வாங்கிக்கொள்ள ஆளும் முன்பணத்தோடு காத்திருந்தார். மருந்துக் கடைக் கல்லாவில் உட்காரும் மனைவிதான் முட்டுக்கட்டை.

"மனையையும் வித்துட்டு, நாளைக்கு அவளுக்கு வேலையும் கிடைக்கலேன்னா?"

"ஏன் கிடைக்காது? ஆதாரத்தோட வர்றேன், இரு."

மாட்டிக்கொண்டவர்கள் போதவில்லை. சும்மா ஏறுகிறவர்களையும் பிடித்தார். தரைத்தளத்தில் கேள்வி, ஒன்பதாவது மாடியில் பதில். சிலர் படியேறிப் போகத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமை மாலை சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்தார். "நாற்பத்தொரு பேர். ஒருத்தர்கூட நஷ்டம்னு சொல்லல. பெரிய காலேஜ்ல படிச்சவங்க மூணே வருஷத்துல போட்டதை எடுத்துட்டாங்க."

மகளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர். குறுக்குக் கேள்வி கேட்காமல் எதையும் நம்ப மாட்டாள். பக்கங்களைப் புரட்டினாள்.

"அப்பா, இவங்களையெல்லாம் எங்க பிடிச்சீங்க?"

"நம்ம பில்டிங் லிப்ட்லதான்."

"அங்க எதுக்கு வந்தாங்க?"

"இது ஒரு கேள்வியா? வேலைக்குத்தான்!"

"வேலை கிடைக்காதவங்க உங்க லிப்ட்ல எதுக்குப்பா ஏறப் போறாங்க?"

சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்கப் போய் மனைவிக்குப் புரையேறிவிட்டது. மெக்கானிக் நோட்டை மூடினார். கதவில் கோளாறா என்று பார்க்காமலே மோட்டாரைக் கழற்றிப் போட்ட மாதிரி இருந்தது. மூன்று வார உழைப்பு!

மறுநாள் பத்து மணிக்கே வேலையிடத்திலிருந்து போன் செய்தார். "வக்கீலம்மா, நாளைக்கு ஏழாவது மாடியில ஆள் எடுக்கிறாங்க. ஒன்பது இடம். கிடைக்காதவங்களும் வருவாங்கல்ல? நீயும் வா."

புதன்கிழமை கட்டடத்தின் முன்கூடம் நிரம்பி வழிந்தது. இருநூறு பேருக்குக் குறையாது; எல்லார் கையிலும் கோப்பு, எல்லார் சட்டையிலும் இஸ்திரி மடிப்பு. அப்பா லிப்டில் ஏற்றி அனுப்பினார். மகள் இறங்கி வந்தவர்களிடம் கேட்டு எழுதினாள். பன்னிரண்டு லட்சம் கட்டிப் படித்து இரண்டு வருடமாக வேலை தேடும் ஒரு பெண், "எங்க காலேஜ்ல கண்ணாடி நிறைய இருக்கும், முகம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தாள். மூன்று லட்சத்தில் படித்த ஒருவன் மூன்றாவது சுற்றுக்குத் தேறி, மேலே போக வேண்டியவன் பதற்றத்தில் லிப்ட் கீழே இறங்கும்போது ஏறி, அவளிடம் வந்து நின்றான்.

சாயங்காலம் ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது. நான்கு பேர் அதிகம் செலவழித்தவர்கள், ஐந்து பேர் குறைவாகச் செலவழித்தவர்கள்.

"இதை வச்சு ஒரேயடியா முடிவு சொல்ல முடியாதுப்பா. ஒரு நாள் கணக்கு," என்றாள் மகள்.

"முடியாதுதான். ஆனா எல்லாரையும் ஒரே லிப்ட்லதானே ஏத்தினேன்? அதிகம் கட்டினவனுக்குன்னு தனியா ஒண்ணு வரல." செல்போனை எடுத்து முகப்புப் படத்தை மாற்றினார். மனையை வாங்க இருந்தவருக்கு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினார். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அந்தக் கண்ணாடிச் சுவரைப் பற்றிப் பத்துப் பேரிடமாவது பீற்றியிருந்தார்.

வெள்ளிக்கிழமை நாலேகாலுக்குப் பழைய கல்லூரி. பணம் கட்டும் இடம் நான்காவது மாடி. லிப்டில் 'பழுது' என்று அட்டை. அட்டையே மஞ்சளாகியிருந்தது.

"எத்தனை நாளா ஓடல?" என்று காவலாளியைக் கேட்டார்.

"ஆறு மாசமாச்சு சார்."

"ஏங்க, வேண்டாம்," என்றாள் மனைவி. "பணம் கட்ட வந்தீங்களா, வேலை பார்க்க வந்தீங்களா?"

அதற்குள் அவர் லிப்ட் கதவின் முன் மண்டி போட்டுவிட்டார். மகள் காசோலையோடு படியில் ஓடினாள். கதவு நகரும் பள்ளத்தில் அழுக்கோடு அழுக்காக ஒரு பேனா மூடி. அதனால்தான் கதவு முழுசாக மூடவில்லை. மூடாத கதவோடு லிப்ட் கிளம்பாது. எப்போதும் பையில் இருக்கும் ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்துக் காவலாளியின் உள்ளங்கையில் வைத்தார். "ஆறு மாசம்!"

அவர் லிப்டிலேயே மேலே போனபோது மகள் ரசீதோடு படிப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

"ஏறும்மா. பதறாத. கம்ப்யூட்டர் இன்ஜினியரா நீ? படிக்க எவ்வளவு செலவாச்சு?"

"மூணு லட்சம்."

"மாசம் எவ்வளவு வருது?"

"நாலு வருஷம் கழிச்சு இதே லிப்ட்ல கேளுங்க. அது வரைக்கும் ஓடுச்சுன்னா சொல்றேன்."